சுருளில் ஒன்பதாவது படம்

போன மாதம் ஆஸ்பத்திரி ஸ்டோர்ஸிலிருந்து போன் வந்தது. பேசியவர் புதிதாக வந்திருக்கும் கிளார்க். "மேடம், ஒரு கேமரா இன்னும் மீ பேரு மீத உந்தி, உங்க பேர்லதான் இருக்கு. வந்து ஒரு கையெழுத்து போட்டா லிஸ்ட்லேருந்து எடுத்துடலாம்" என்றார். நான் ஓய்வு பெற்று நான்கு வருடம் ஆகிறது. இருப்புப் பதிவேட்டில் என் பெயர் மட்டும் இன்னும் வேலையில் இருந்திருக்கிறது.

வடமாலப்பேட்டையில் மகன் வீட்டில் இருக்கிறேன். அங்கிருந்து பஸ் ஏறித் திருப்பதிக்குப் போனேன். கழித்துக் கட்டும் சாமான்கள் இருந்த அறையில், கால் உடைந்த ஒரு ஸ்ட்ரெச்சருக்கும் துருப்பிடித்த ஸ்டெரிலைசருக்கும் நடுவில் கேமரா அதன் பெட்டியோடு கிடந்தது. அடியில் மோட்டார் வைத்த, சதுரப் படம் எடுக்கிற பிலிம் கேமரா. ஸ்வீடனில் செய்தது. கிளார்க் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இவ்ளோ வெயிட்டா? போட்டோ கேமராவுக்கு மோட்டார் எதுக்கு மேடம்?" என்று கேட்டார். பிலிம் சுற்றுவதற்கு என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

அவர் கேட்டதற்குச் சரியான பதில் அது இல்லை. சரியான பதிலைச் சொல்ல நேரமாகும். அதில் நான் செய்த ஒரு காரியத்தையும் சொல்லவேண்டி வரும். இப்போது நோயாளிகளின் படங்களை ஹவுஸ் சர்ஜன்களே செல்போனில் எடுத்துக்கொள்கிறார்கள். நன்றாகத்தான் வருகின்றன. அதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. நான் எழுத உட்கார்ந்தது அந்தக் காரியத்துக்காக.

எனக்குச் சொந்த ஊர் நகரி. என் அப்பா, நைனா, கைத்தறி நெய்தவர். பத்தாவது முடித்ததும் சித்தூர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே இருட்டறையில் உதவியாளராகச் சேர்ந்தேன். ஆறு வருடம் பிலிம் கழுவினேன். பிறகு திருப்பதிக்கு மாற்றலாகி, மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்த பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்தேன். அங்கேயும் இருட்டறைதான். விரல் நுனிகள் எப்போதும் மஞ்சளாக இருக்கும். சோற்றில் கை வைத்தால் பிலிம் கழுவும் ஹைப்போ மருந்தின் வாசனை வரும். இதற்கு மேல் அந்த வருடங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை.

கேமராவுக்கு நான் போனது ஒரு நோயாளியால். மார்பில் கட்டியோடு ஓர் அம்மா வந்திருந்தார். ஆபரேஷனுக்கு முன்னால் படம் எடுத்து வைக்க வேண்டும். எங்கள் போட்டோகிராபர் ஆண். அந்த அம்மா ரவிக்கையைப் பிடித்துக்கொண்டு, செத்தாலும் சாவேன் படம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். சர்ஜரி ப்ரொஃபசர் இருட்டறைக்கு ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டார். கேமராவைக் காட்டி, இதை எப்படி அழுத்துவது என்று பத்து நிமிடத்தில் சொல்லிக்கொடுத்துவிட்டு வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நான் எடுத்த முதல் சுருளில் நான்கு படம்தான் தேறியது. மறு வாரம் முதல் பெண் நோயாளிகள் எல்லோரும் என்னிடம் வந்தார்கள். அடுத்த வருடம் அந்தப் போட்டோகிராபர் ஓய்வு பெற்றார். போட்டோ அறையின் சாவி என்னிடம் வந்தது. வேலை மட்டும் அப்போதும் தற்காலிகம்தான்.

ப்ரொஃபசரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் ஓங்கோல் பக்கத்துக்காரர். நான் தமிழ் பேசுகிறவள் என்று தெரிந்ததும், தெலுங்கும் தமிழும் கலந்த ஒரு பேச்சை எனக்காகவே உண்டாக்கி வைத்துக்கொண்டார். அவர் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. நோயாளியிடம் பேசும்போது நாற்காலியில் உட்கார மாட்டார். முக்காலியை இழுத்துப் போட்டு, நோயாளியின் முகத்துக்குக் கீழே தன் முகம் இருக்கும்படி உட்கார்ந்துகொள்வார். பிரிண்டுகளைக் கொண்டுபோய்க் கொடுத்தால் ஜன்னலோரம் நின்று, உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கண்ணில் ஒட்டிவைத்து ஒவ்வொன்றாகப் பார்ப்பார். பிடிக்காததை மட்டும் என் பக்கம் நகர்த்தி, "மள்ளீ" என்பார். மறுபடியும் எடு என்று அர்த்தம். ஏன் என்று சொல்ல மாட்டார். காரணத்தை நான்தான் கண்டுபிடிக்க வேண்டும். நான்கு விரல் தள்ளி நாற்காலி போட்டிருப்பேன், அல்லது விளக்கைக் கொஞ்சம் திருப்பியிருப்பேன்.

ஒரு நாள் அவரே வந்து தரையில் சாக்பீஸால் கோடு போட்டார். நாற்காலியின் நான்கு கால், ஸ்டாண்டின் மூன்று கால், விளக்குகள் இரண்டும் நிற்கும் இடம். அவற்றின்மேல் வெள்ளை எனாமல் பெயிண்ட் அடிக்கச் சொன்னார். "லைட் மாறக்கூடாது. தூரம் மாறக்கூடாது. மனிஷி மட்டும்தான் மாறணும்" என்றார். பின்னால் தொங்கவிட நீலத்துணி வேண்டும் என்று கேட்டார். நைனாவிடம் சொல்லி, கரை போடாமல் நெய்து வாங்கினேன். அது இருபது வருடம் அங்கே தொங்கியது.

பழைய மாணவர்கள் அமெரிக்காவிலிருந்து அந்த மோட்டார் கேமராவை அன்பளிப்பாக அனுப்பியதும், ப்ரொஃபசர் அதை என் பெயரில் எழுதினார். ஒரு சுருளுக்குப் பன்னிரண்டு படம். ஒவ்வொரு படத்துக்கும் மோட்டாரே பிலிமைச் சுற்றிக்கொள்ளும். நாம் கேமராவுக்குப் பின்னால் நிற்க வேண்டியதில்லை. நீளமான ஒயரின் முனையில் ஒரு பொத்தான். தியேட்டரில் ஆபரேஷன் மேஜைக்கு மேல் மாட்டிவிட்டுக் காலாலும் அழுத்தலாம்.

ஒரு தடவை அப்படி மாட்டியிருந்தபோது பாதி ஆபரேஷனில் பேட்டரி தீர்ந்துவிட்டது. அதை இரவு முழுக்க சார்ஜில் போட வேண்டும், மறந்திருந்தேன். ப்ரொஃபசர் தலையைத் தூக்கவே இல்லை. மறுநாள் ஒரு சீட்டு அனுப்பினார், இங்கிலீஷில் இரண்டு வரி: என் கத்தி மழுங்கிவிட்டது என்று நான் நோயாளியிடம் சொல்ல முடியாது, நீயும் சொல்லாதே. அன்றிலிருந்து இரண்டு பேட்டரி வைத்துக்கொண்டேன். ஒன்று கேமராவில், ஒன்று சார்ஜில். அதற்குப் பிறகு அந்த மோட்டார் ஒரு தடவைகூட நின்றதில்லை. இது எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்.

கஸ்தூரி வந்தது தொண்ணூறுகளின் கடைசியில். நாராயணவனத்துக்காரி. இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும். புருஷன் விசைத்தறி ஓட்டினான்; இவள் அதே கொட்டகையில் தார்க்குச்சியில் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். இடது காதுக்கு முன்னால் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி. வலி கிடையாது. பார்க்க நன்றாக இல்லை என்று புருஷன்தான் கூட்டி வந்திருந்தான்.

அந்த இடத்தில் கட்டி என்றால் முகத்தை ஆட்டுகிற நரம்பு அதை ஒட்டியே போகும். அதனால் ஆபரேஷனுக்கு முன்பு முகம் முழுக்க வேலை செய்கிறதா என்று படம் எடுத்து வைப்பது எங்கள் வழக்கம். நெற்றியைச் சுருக்கு, கண்ணை லேசாக மூடு, இறுக்கி மூடு, பல்லைக் காட்டு, கன்னத்தை உப்பு, உதட்டைக் குவி. இந்த வேலைக்குத்தான் மோட்டார் வேண்டும். வாயால் சொன்னால் பாதிப் பேருக்குப் புரியாது. நான் நோயாளிக்கு எதிரே, கேமராவுக்குப் பக்கத்தில் நின்று, ஒவ்வொன்றையும் என் முகத்தில் செய்து காட்டுவேன். அவர்கள் என்னைப் பார்த்துச் செய்வார்கள். செய்த கணத்தில் கையிலிருக்கும் பொத்தானை அழுத்துவேன். டக்கென்று படம் விழும், கிர்ரென்று மோட்டார் சுற்றும், அடுத்ததற்குப் போய்விடலாம்.

கஸ்தூரி எல்லாவற்றையும் சரியாகச் செய்தாள். எட்டுப் படம் முடிந்தது. அப்போதும் நான் கன்னத்தை உப்பிக்கொண்டு நிற்பதைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இன்னாக்கா, நீங்க இத்தினி பேருக்கும் இப்டியே பண்ணிக்காட்டுவீங்களா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். என் விரல் பொத்தானில் இருந்தது. அழுத்திவிட்டேன். வரிசையில் இல்லாத படம் அது. கண் இரண்டும் இடுங்கி, கன்னம் இரண்டும் ஏறி, பல் அத்தனையும் தெரிய ஒரு சிரிப்பு. பிறகு பக்கவாட்டில் மூன்று எடுத்தேன். பன்னிரண்டும் ஆயிற்று.

ஆபரேஷன் நடந்த அன்று ப்ரொஃபசர் பக்கத்து மேஜையில் வேறொரு பெரிய கேஸில் இருந்தார். கஸ்தூரிக்குச் செய்தவர் அவருடைய உதவிப் பேராசிரியர். நல்ல கைக்காரர்தான். அன்று என்ன ஆயிற்று என்று நான் பார்க்கவில்லை. மயக்கம் தெளிந்து பார்த்தால் கஸ்தூரியின் முகம் வலது பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. இடது கண் மூடவில்லை. தண்ணீர் குடித்தால் வாயோரத்தில் வழிந்தது. வீக்கம் வடிந்தால் சரியாகிவிடும் என்று சொல்லிப் பத்து நாள் வைத்திருந்தார்கள். சரியாகவில்லை. அவள் புருஷன் சூப்பரின்டென்டென்டிடம் போய் நின்றான். முகம் நேராக இருந்த பெண்ணைக் கொண்டுவந்து விட்டேன், கோணலாகத் திருப்பிக் கொடுக்கிறீர்கள் என்று சொன்னான்.

விசாரணை வைத்தார்கள். அதற்கு முந்தின நாள் மதியம், நான் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்த நேரத்தில், உதவிப் பேராசிரியர் என் அறைக்கு வந்தார். அதுவரை அவர் அந்த அறைக்கு வந்ததே இல்லை. அந்த நோயாளியின் கேஸ் ஷீட்டில், கட்டி நரம்பை அழுத்தியதால் முன்பே கொஞ்சம் பலவீனம் இருந்தது என்று எழுதியிருப்பதாகச் சொன்னார். எப்போது எழுதினார் என்று நான் கேட்கவில்லை. "அந்த ரோல் சரியா வந்ததாம்மா? மோட்டார் அப்பப்ப மக்கர் பண்ணுமே" என்றார்.

நான் டிபன் பாக்ஸை மூடினேன். யூனிட் ப்ரொஃபசர் பெயரில்தான் இருக்கிறது, கேஸும் அவர் பெயரில்தான் போகும், ஓய்வு பெற இரண்டு வருடம்கூட இல்லாத மனிதர் என்றார். பிறகு, உங்கள் வேலையை நிரந்தரமாக்கும் பைலில் அவர்தானே சிபாரிசு எழுதியிருக்கிறார் என்று கேட்டார். மிரட்டவில்லை. சாப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

நான் ப்ரொஃபசருக்காகச் செய்தேன் என்றுதான் ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பாதிதான் உண்மை. அப்போது என் புருஷன் இறந்து எட்டு மாதம். மகன் இரண்டாவது படித்துக்கொண்டிருந்தான். வேலை நிரந்தரமாகாவிட்டால் நகரிக்குத் திரும்பி நைனா வீட்டில்தான் போய் உட்கார வேண்டும்.

விசாரணையில் மூன்று டாக்டர்கள் இருந்தார்கள். ப்ரொஃபசர் சுவரோரம் ஒரு நாற்காலியில் இருந்தார். கதவு திறந்துதான் இருந்தது. வெளியே பெஞ்சில் கஸ்தூரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னை உள்ளே கூப்பிட்டு, ஆபரேஷனுக்கு முந்தின படங்கள் எங்கே என்று கேட்டார்கள். முதல் படத்திலேயே மோட்டார் நின்றுவிட்டது, சுருள் வீணாகிவிட்டது, திரும்ப எடுப்பதற்குள் நோயாளியைத் தியேட்டருக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்று சொன்னேன். குரல் நடுங்கவில்லை. அது எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

ப்ரொஃபசர் என்னைப் பார்த்தார். பிறகு குனிந்து தன் ஷூவைப் பார்த்தார்.

எந்தப் படத்தையும் கண்ணாடி வைத்துப் பார்க்காமல் விடாத மனிதர், அந்தச் சுருளை மட்டும் என்னிடம் கேட்கவே இல்லை. முன்பே இருந்த பலவீனம் என்று முடிவு எழுதி விசாரணையை மூடினார்கள். கண்ணுக்குச் சொட்டு மருந்தும் முகத்துக்குப் பயிற்சியும் எழுதிக் கொடுத்து, ஒரு வருடம் பொறுத்துப் பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டார்கள். நான் சுருளைக் கழுவி, நாலாக வெட்டி, உறையில் போட்டுப் பீரோவில் புடவைக்கு அடியில் வைத்தேன். ஏன் கிழித்துப் போடவில்லை என்று கேட்டால் தெரியாது. ஒரு நெகட்டிவைக் கிழிக்க எனக்குக் கை வராது, அவ்வளவுதான்.

இத்தோடு முடியவில்லை. எங்கள் வழக்கப்படி அந்த மாதிரி நோயாளியை ஒரு மாதத்தில், மூன்று மாதத்தில், ஆறு மாதத்தில் மறுபடி படம் எடுக்க வேண்டும். கஸ்தூரி சீட்டோடு என் அறைக்கே வந்தாள். அதே நாற்காலி, அதே வெள்ளைக் குறி, அதே நீலத்துணி. நான் எதிரே நின்று கண்ணை மூடிக் காட்டினேன். அவளுடைய வலது கண் மூடியது. இடது கண்ணில் கருவிழி மேலே போய் வெள்ளை மட்டும் தெரிந்தது. பல்லைக் காட்டினேன். பாதி வாய் காட்டியது. அதற்கு மேல் அவள் எதிரே நிற்க முடியவில்லை. கேமராவைச் சரிபார்க்கிற மாதிரி பின்னால் போய் நின்றுகொண்டு, வாயால் சொல்லிச் சொல்லி எடுத்தேன்.

ஆறாம் மாதம் வந்தபோது கொஞ்சம் மெலிந்திருந்தாள். கண்ணாடியைத் துணி போட்டு மூடி வைத்திருப்பதாகவும், புருஷன் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து துன்னுவதில்லை என்றும் சொன்னாள். படம் எடுத்து முடிந்த பிறகு எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, நான் மின்ன எப்டி இருந்தேன்னு எனக்கே மறந்துகினு போவுது. கல்யாணப் போட்டோவுல தலைய குனிஞ்சிகினு கீறேன். வேற போட்டோ இல்ல. அன்னிக்கி நீங்க எடுத்தீங்களே, அதுல ஒண்ணாச்சும் கெடைக்குமா? யாராண்டயும் காட்ட மாட்டேன். எனக்குப் பாக்கணும், அவ்ளோதான்."

தேடிப் பார்க்கிறேன், அடுத்த மாதம் வா என்றேன்.

அடுத்த மாதம் வரும்வரை எனக்குச் சரியாகத் தூக்கம் இல்லை. அவள் வரும் நாளுக்கு முந்தின நாள் சாயங்காலம் இருட்டறையில் ஒன்பதாவது படத்தைப் பெரிதாகப் போட்டேன். தட்டில் மருந்துக்குள் முகம் மேலே வந்தது. முதலில் கண்கள், பிறகு பல். எத்தனையோ ஆயிரம் முகம் அப்படி வந்து பார்த்திருக்கிறேன். அன்று மட்டும் தட்டை ஆட்டுவதை நிறுத்திவிட்டேன்; ஓரத்தில் திட்டுத் திட்டாகக் கறுத்தது. மறுபடி போட்டேன். அவசரத்தில் ஓரத்தை வெட்டாமல், பிலிமின் விளிம்போடு சேர்த்தே போட்டுவிட்டேன்.

கஸ்தூரியிடம் கொடுக்கும்போது, தேடினதில் இது ஒன்று மட்டும் கிடைத்தது என்றேன். வாங்கிப் பார்த்தாள். சிரித்த வாயின்மேல் விரலை வைத்தாள். புடவையில் செருகிக்கொண்டு போனாள். நேரே வீட்டுக்குப் போவாள் என்று நினைத்தேன். போகவில்லை. புறநோயாளிகள் பிரிவில் ப்ரொஃபசர் முன்னால் போய் உட்கார்ந்து, அதை எடுத்து மேஜைமேல் வைத்திருக்கிறாள். தன்னை இப்படி ஆக்கித் தர முடியுமா என்று கேட்டிருக்கிறாள். புகார் சொல்லவில்லை. ஒரு மாதிரியைக் காட்டி இதைப் போல நெய்து கொடு என்று கேட்பார்களே, அந்த விதமாகக் கேட்டிருக்கிறாள்.

ப்ரொஃபசர் என்னை வரச் சொன்னார். நான் போனபோது அறையில் அவரும் கஸ்தூரியும் மட்டும் இருந்தார்கள். அவர் கண்ணாடியை எடுத்துப் படத்தின் விளிம்பில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். விளிம்பில் பிலிமின் எண் விழுந்திருந்தது. ஒன்பது. அந்த எண்ணின்மேல் விரலை வைத்து என்னைப் பார்த்தார். முதல் படத்திலேயே நின்றுபோன மோட்டார் ஒன்பதாவது படம் எப்படி எடுத்தது என்று அவர் கேட்கவில்லை. கஸ்தூரியை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, மெதுவாகக் கேட்டார்.

"பொய் சொல்லுன்னு நேனு அடிகானா அம்மா?"

நான் கேட்டேனா என்கிறார். கேட்கவில்லைதான். உண்மையைச் சொல் என்றும் கேட்கவில்லை. அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இன்றைக்கானால் சொல்லியிருப்பேனோ என்னவோ. "மிச்சம் பதினொண்ணு?" என்றார். வீட்டில் இருக்கிறது என்றேன். ஆட்டோ பிடித்துப் போய்க் கொண்டுவந்து கொடுத்தேன்.

அவர் ஜன்னலோரம் நின்று நான்கு துண்டுகளையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு உட்கார்ந்து, சூப்பரின்டென்டென்டுக்கு என் எதிரிலேயே கையால் கடிதம் எழுதினார். ஆபரேஷனுக்கு முன் நரம்பு முழுமையாக வேலை செய்ததற்குப் படச் சான்று கிடைத்திருக்கிறது. முந்தைய முடிவு தவறு. யூனிட் தலைவர் என்ற முறையில் பொறுப்பு தன்னுடையது. உதவிப் பேராசிரியர் பெயரை எழுதவில்லை. படங்கள் எப்படிக் கிடைத்தன என்ற இடத்தில், வேறொரு உறையில் தவறுதலாகக் கலந்திருந்தன என்று எழுதினார். என்னைக் காப்பாற்ற அவர் எழுதிய பொய் அது. எழுதும்போது ஒரு நிமிடம் பேனா நின்றது. எனக்குத் தெரிந்து அவர் எழுதிய ஒரே பொய்.

மறு வாரமே கஸ்தூரியைச் சென்னையில் முக நரம்பு பார்க்கும் ஒரு டாக்டரிடம் தானே கூட்டிக்கொண்டு போனார். அவளுக்கும் அவருக்கும் நடுவில் மொழிக்காக என்னையும் வரச் சொன்னார். அந்த டாக்டர் வடக்கத்திக்காரர், தமிழ் வராது; வெகுநேரம் பார்த்தார். இங்கிலீஷில் ப்ரொஃபசரிடம் சொன்னார். முதல் சில வாரத்தில் வந்திருந்தால் அறுந்த முனைகளைத் தேடி நேராக இணைத்திருக்கலாம். ஏழு மாதத்தில் சதை சோர்ந்துவிட்டது. இனி காலிலிருந்து நரம்பு எடுத்து ஒட்டிப் பார்க்கலாம், பழையபடி வராது. ப்ரொஃபசர் என் பக்கம் திரும்பி, அவளிடம் சொல்லும்மா என்றார்.

நான் சொன்னேன். ஆபரேஷன் செய்யலாமாம், இப்போது இருப்பதைவிடப் பரவாயில்லாமல் ஆகுமாம் என்று சொன்னேன். முதல் சில வாரம் என்ற பேச்சை மட்டும் சொல்லாமல் விட்டேன். ப்ரொஃபசருக்கு அந்த அளவுக்குத் தமிழ் தெரியும். அவர் திருத்தவில்லை.

ஆபரேஷன் ஆயிற்று. ஒரு வருடம் போல ஆன பிறகு கண் முக்கால்வாசி மூடியது. சும்மா இருக்கும்போது முகம் நேராக இருந்தது. சிரித்தால் இடது பக்கம் கொஞ்சம் அசைந்து நின்றுவிடும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை படம் எடுக்கச் சொல்லி ப்ரொஃபசர் எழுதியிருந்தார். கஸ்தூரி தவறாமல் வந்தாள். வரும்போது மல்லாட்டைக் கடலையோ மாங்காயோ கொண்டுவருவாள். என் மகனைப் பற்றி விசாரிப்பாள். அவர் ஓய்வு பெற்றுப் போன பிறகும் கொஞ்ச நாள் வந்தாள், பிறகு நின்றுவிட்டாள். ப்ரொஃபசர் போகும்வரை என்னிடம் வேலை விஷயம் தவிர வேறு பேசவில்லை. என் வேலை நிரந்தரமானது. சிபாரிசை அவர் திரும்பப் பெறவில்லை.

அதன் பிறகு இருபது வருடத்துக்கு மேல் வேலை செய்தேன். பிலிம் போய் டிஜிட்டல் வந்தது. தோள்பட்டை தேய்ந்தது. தியேட்டரில் வெகுநேரம் நின்று நின்று முழங்கால் போனது. எந்த நோயாளியின் படத்தையும் அதற்குப் பிறகு நான் இல்லை என்று சொன்னதில்லை. அதற்காக யாரும் பாராட்ட வேண்டியதில்லை. அது சம்பளம் வாங்குகிற வேலை.

ஓய்வு பெற்று, பென்ஷன் ஆர்டர் கைக்கு வந்த பிறகு நாராயணவனத்துக்குப் போனேன். அது வந்த பிறகுதான் எனக்குத் தைரியம் வந்தது என்பதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். கோயில் தெருவைத் தாண்டி, தறிச் சத்தம் கேட்கிற பக்கமாக விசாரித்துப் போனேன். அன்று கரண்ட் இல்லை. சத்தம் இல்லாமல் தெருவே ஓய்ந்திருந்தது. கஸ்தூரி சொந்தமாக இரண்டு விசைத்தறி போட்டிருந்தாள். புருஷன் இறந்து மூன்று வருடம் ஆகிறதாம். தலை நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டாள். தறிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்காரவைத்து, மோர் கொடுத்தாள்.

நான் சுற்றி வளைக்கவில்லை. "கஸ்தூரி, அன்னிக்கி மோட்டார் நிக்கல. அந்தப் படம் எல்லாம் மொதல் நாள்லேருந்து என்னாண்டதான் இருந்திச்சி. நான் பொய் சொன்னேன்" என்றேன். சென்னையில் டாக்டர் சொன்னதையும், நான் சொல்லாமல் விட்டதையும் சொன்னேன்.

அவள் அறுந்த ஓர் இழையை எடுத்து முடிச்சுப் போட்டுக்கொண்டே கேட்டாள். முடிச்சைக் கத்தரித்துவிட்டுத்தான் பேசினாள்.

"டாக்டர் சொன்னது தெரியாது. மோட்டார் சங்கதி அன்னிக்கே தெரியும்க்கா. பெஞ்சில உக்காந்துகினு கேட்டேன். நாள் முச்சூடும் மிஷின் சத்தத்துல கெடக்கிறவ நான். எது ஓடுது, எது நின்னுச்சின்னு எனக்குத் தெரியாதா? பன்னெண்டு வாட்டி ஓடிச்சி."

அப்புறம் ஏன் கேட்கவில்லை என்றேன்.

"யாராண்ட கேக்கறது? அந்தாண்ட எல்லாரும் தெலுங்குல பேசிக்கினு இருந்தாங்க. கேட்டா புரியும், எனக்குப் பேச வராது. எங்க பேச்சு பேசறவங்க நீங்க ஒருத்தர்தான்." கொஞ்ச நேரம் இழைகளைத் தடவிக்கொண்டிருந்தாள். "மூணு மாசத்துக்கு ஒருவாட்டி வருவேன் இல்ல? ஒவ்வொரு வாட்டியும் பஸ்ல வரசொல்ல, இன்னிக்கி அக்கா சொல்லிடும்னு நெனச்சிகினு வருவேன். அப்பால நெனைக்கறத வுட்டுட்டேன். வர்றதயும் வுட்டுட்டேன்."

மன்னித்துவிடு என்று சொல்லத்தான் அவ்வளவு தூரம் போயிருந்தேன். வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் வந்துவிட்டது. தெரு முழுக்க ஒரே நேரத்தில் தறிகள் கிளம்பின. கஸ்தூரி எழுந்து சுவிட்சைப் போட்டாள். இரண்டு தறியும் அடிக்கத் தொடங்கிவிட்டால் பக்கத்தில் இருப்பவர் பேச்சுக்கூடக் கேட்காது. நான் சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அவள் என் வாயைப் பார்த்தாள். புரிந்ததா என்று தெரியவில்லை. முந்தானையால் இடது கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்தக் கண்ணில் எப்போதும் நீர் வந்துகொண்டேயிருக்கும். பிறகு வாசல்வரை வந்து, புத்தூர் பஸ் எந்தப் பக்கம் நிற்கும் என்று கையால் காட்டிவிட்டு, தறிக்குத் திரும்பிப் போனாள்.